100 படுக்கை மருத்துவமனைக்கு எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும்?

கேட்டவர் ஒரு மருத்துவமனையின் கட்டடக் குழுவில் இருக்கிறார். 100 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம். ஆர்க்கிடெக்ட் "இரண்டு படுக்கைக்கு ஒரு கார்" என்று கணக்குப் போட்டு 50 கார்களுக்கு இடம் காட்டியிருக்கிறார். இது போதுமா, பேஸ்மென்ட்டில் வைப்பதா திறந்த வெளியில் வைப்பதா என்பது கேள்வி. கூடவே, ஆம்புலன்ஸும் நோயாளிகளின் வண்டிகளும் ஒரே வாசலில் வரலாமா என்றும் கேட்டிருக்கிறார். எனக்குத் தோன்றுவது, அவர் உண்மையில் கேட்பது வேறு: திறந்த முதல் நாளே வாசலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டும்? அந்தக் கேள்விக்குப் படுக்கை எண்ணிக்கையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நான் போக்குவரத்துப் பொறியாளன். இருபது ஆண்டுகளாக வாகன நிறுத்தங்களை வடிவமைக்கிறேன், அதில் மருத்துவமனைகளும் உண்டு. தீயணைப்பு ஏற்பாடுகளும் கட்டடத்தின் தாங்குதிறனும் என் துறை அல்ல. அந்த இடங்கள் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் படுக்கைக் கணக்கு ஏன் தவறுகிறது என்று பார்ப்போம். படுக்கையில் இருப்பவர் வண்டி ஓட்டி வந்தவர் அல்ல. வண்டியை நிறுத்துகிறவர்கள் மூன்று வகை: அன்றன்று வந்து போகும் புறநோயாளிகளும் அவர்களுடன் வருபவர்களும், உள்நோயாளியைப் பார்த்துக்கொள்ள இருப்பவர்கள், அப்புறம் ஊழியர்கள். இந்த மூவரும் வெவ்வேறு நேரத்தில் வருகிறார்கள், வெவ்வேறு நேரம் தங்குகிறார்கள். இதைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் கணித முறையில் நிறுவியது. வரிசைகளைப் பற்றிப் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதால் பெருக்கினால், ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கிடைக்கும்.

உங்கள் கட்டடத்துக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். எண்கள் என் ஊகம், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 15 ஆலோசனை அறைகள், ஒவ்வொன்றிலும் மணிக்கு 4 நோயாளிகள் என்றால் மணிக்கு 60 பேர். பதிவு, காத்திருப்பு, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து ஒருவர் 2 மணி நேரம் இருந்தால் ஒரே சமயத்தில் 120 நோயாளிகள். பாதிப் பேர் காரில் வந்தால் 60 கார். படுக்கைகளில் 80 நிரம்பியிருந்து, மூன்றில் ஒரு குடும்பத்தின் கார் அங்கேயே நின்றால் 27. பகல் ஷிப்ட் ஊழியர்கள் 150 பேரில் 30 சதவீதம் காரில் வந்தால் 45. காலை 11 மணிக்கு மொத்தம் 132 கார்கள். 132 இடம் கட்டினால் போதுமா என்றால், போதாது. கடைசி காலி இடத்தைத் தேடி வண்டிகள் சுற்றிச் சுற்றி வரும். வாகன நிறுத்தம் பற்றி அதிகம் எழுதிய பொருளாதார அறிஞர் டொனால்ட் ஷூப் தெருவோர நிறுத்தத்துக்குச் சொன்ன அளவு 85 சதவீதம், அதாவது ஏழில் ஒரு இடமாவது காலியாக இருக்க வேண்டும். மருத்துவமனைக்கும் நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். 132-ஐ 0.85-ஆல் வகுத்தால் 155. ஆர்க்கிடெக்ட் காட்டியது 50.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த பகுதி இனிதான் வருகிறது. புறநோயாளியின் 2 மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தால், உள்ளே இருப்பவர்கள் 120-லிருந்து 90 ஆகிறார்கள். கார்கள் 60-லிருந்து 45. பதினைந்து கார் குறைந்தால், 85 சதவீதக் கணக்கில் ஏறத்தாழ 18 இடங்கள் மிச்சம். ஒரு காரை நிறுத்த, அது திரும்பிப் போய்வரும் பாதையையும் சேர்த்தால், திறந்த வெளியில் 23 முதல் 25 சதுர மீட்டரும் பேஸ்மென்ட்டில் தூண்கள், ராம்ப் எல்லாம் சேர்ந்து 32 சதுர மீட்டர் வரையும் ஆகும். 18 இடம் என்றால் பேஸ்மென்ட்டில் 576 சதுர மீட்டர் கான்கிரீட். அதைத் தோண்டுவதற்குப் பதிலாக முன்பதிவு நேரத்தை ஒழுங்காக நடத்தி, ரத்தப் பரிசோதனை முடிவை அரை மணி முன்னதாகத் தர முடியுமா என்று உங்கள் நிர்வாகியைக் கேளுங்கள். எல்லா மருத்துவர்களும் காலை 10 மணிக்கே ஆரம்பிக்காமல் சிலர் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தாலும் இதே பலன்தான். கட்டடக் குழுக்கூட்டத்தில் இதைச் சொன்னால் "நீங்கள் பார்க்கிங் பற்றிப் பேச வந்தவர்தானே" என்று பார்ப்பார்கள். எனக்கும் அந்தப் பார்வை பழகிவிட்டது.

ஊழியர் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது போகிறவர்கள் கிளம்பும் முன்பே வருகிறவர்கள் வந்துவிடுவார்கள். செவிலியர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போக முடியும். ஆகவே அரை மணியோ முக்கால் மணியோ இரண்டு ஷிப்ட் வண்டிகளும் உள்ளே நிற்கும். மேலே சொன்ன உதாரணத்தில் மதிய ஷிப்டுக்கு 80 பேர் வந்தால் அவர்களின் 24 கார்களும் சேர்ந்து ஊழியர் கார் மட்டும் 69 ஆகிறது. அந்த நேரத்தில் புறநோயாளிகள் பாதியாகக் குறைந்திருந்தால் தப்பித்தீர்கள்: 30-ம் 27-ம் 69-ம் சேர்ந்து 126, காலை உச்சத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஷிப்ட் மாற்றம் காலை 11 மணிக்கு இருந்தால் 156 கார், அதற்கு 180 இடங்களுக்கு மேல் வேண்டும். ஷிப்ட் நேரத்தைப் புறநோயாளி உச்ச நேரத்திலிருந்து தள்ளி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

இடம் எத்தனை என்பதைவிட, யாருக்கு எந்த இடம் என்பது முக்கியம். ஒரு மருத்துவமனையில் "இடம் போதவில்லை, மாடிக் கட்டடம் வேண்டும்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை 6 மணிக்குப் போய் ஒரு மூலையில் நின்று எண்ணினேன். முதல் நோயாளி வருவதற்குள், நுழைவாயிலுக்கு மிக அருகே இருந்த இரண்டு வரிசைகளும் நிரம்பிவிட்டன. எல்லாம் ஊழியர்களின் வண்டிகள். தவறு அவர்கள்மீது இல்லை. சீக்கிரம் வருகிறவர் வாசலுக்கு அருகே நிறுத்துவார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இடத்தில் எட்டு மணி நேரம் ஒரே வண்டி நிற்கிறது. நோயாளிகளுக்கு விட்டால் அதே இடத்தில் நான்கு குடும்பங்கள் வந்து போகலாம். ஊழியர்களைப் பின்பக்கம் தனி வாசலுக்கு மாற்றினோம். மாடிக் கட்டடம் தேவைப்படவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். இரவு ஷிப்ட் ஊழியர்கள் முன்பக்கமே நிறுத்தலாம். இரவில் அந்த இடங்கள் எப்படியும் காலி, நள்ளிரவில் ஒரு செவிலியரை இருட்டில் பின்பக்கம் நடக்கவிடுவதற்கு நியாயமே இல்லை.

நடக்கும் தூரத்துக்கு நல்ல அளவுகோல் ஒன்று பிரிட்டனின் போக்குவரத்துத் துறை வழிகாட்டுதலில் இருக்கிறது. ஓய்வு எடுக்காமல் செல்லக்கூடிய தூரமாக அது பரிந்துரைப்பது: கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு 50 மீட்டர், நடக்கச் சிரமப்பட்டாலும் தடி இல்லாதவருக்கு 100 மீட்டர், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 150 மீட்டர். கடை வளாகத்துக்கு வருகிறவரைப் போல மருத்துவமனைக்கு வருகிறவரை நினைக்கக் கூடாது. இங்கே வருபவர்களில் கைத்தடிக்காரர் விதிவிலக்கு அல்லர். வரைபடத்தில் பிரதான வாசலை மையமாக வைத்து 50 மீட்டரில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் இருப்பது எல்லாம் நோயாளிகளுக்கு. நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள், புல்தரையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையை அளந்து பாருங்கள். அதற்கு அப்பால் நடக்க வேண்டியிருந்தால் 50 மீட்டருக்கு ஒரு பெஞ்சாவது போடுங்கள், மேலே கூரையோடு.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களின் எண்ணிக்கையிலும் மருத்துவமனை தனி ரகம். அமெரிக்காவின் ஏடிஏ (மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம்) 2010 விதிகளில் சாதாரணக் கட்டடம் என்றால் 100 இடங்களுக்கு 4 போதும். மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு என்றால் நோயாளி, பார்வையாளர் இடங்களில் 10 சதவீதம். நடமாட்டக் குறைபாட்டுக்கான மறுவாழ்வு மையமோ பிசியோதெரபி பிரிவோ என்றால் 20 சதவீதம். உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம், அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் விதி 100-க்கு 4 என்று சொன்னாலும் நான் 10-க்குக் கீழே போக மாட்டேன். ஏடிஏ விதியில் இடத்தின் அகலம் 2440 மில்லிமீட்டர், பக்கத்தில் நாற்காலியை இறக்கித் திருப்ப 1525 மில்லிமீட்டர் காலிப் பட்டை, தரைச் சரிவு 48-க்கு 1-க்கு மேல் போகக் கூடாது. இந்தச் சரிவைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையைச் சாய்த்துவிடுவார்கள்; நோயாளி காரிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நாற்காலி நழுவி ஓடும். மற்ற சாதாரண இடங்களையும் 2.5 மீட்டருக்குப் பதிலாக 2.7 மீட்டராக வைக்க முடிந்தால் வையுங்கள். கதவை முழுதாகத் திறந்து ஒரு பக்கம் கைகொடுத்து இறக்க வேண்டியவர்கள் பலர். இடங்களை 60 பாகையில் சாய்த்து, பாதையை ஒருவழியாக்கினால் வயதானவர்களுக்கு வண்டியை நுழைப்பது எளிது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்: வாசலில் ஆட்களை இறக்கிவிடும் போர்டிகோ. நெரிசல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது, நிறுத்துமிடத்தில் இல்லை. உச்ச நேரத்தில் மணிக்கு 60 வண்டிகள் வந்து, ஒவ்வொன்றும் 3 நிமிடம் நின்றால், அதே லிட்டில் விதிப்படி சராசரியாக 3 வண்டிகள் நிற்கும். ஆனால் வண்டிகள் அளவெடுத்தாற்போல வருவதில்லை. ஒன்றுமில்லாத இரண்டு நிமிடமும் உண்டு, ஐந்து வண்டி சேர்ந்து வரும் நிமிடமும் உண்டு. அதற்கென்று பாய்சான் பரவல் என்ற கணக்கு இருக்கிறது. 100 தடவை பார்த்தால் 95 தடவைக்கு மேல் வரிசை தெருவுக்குப் போகாமல் இருக்க 6 வண்டி நிற்க இடம் வேண்டும். சரி, 3 நிமிடம் என்பது யாருக்கு? நடந்து இறங்குகிறவருக்கு. சக்கர நாற்காலி தேடி, பாட்டியை இறக்கி, உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடி வந்து வண்டியை எடுப்பதற்கு 6 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி 6 வண்டி, தேவை 10 இடம். ஒரு வண்டிக்கு 7 மீட்டர் என்றால் 42 மீட்டர் நீளம் 70 மீட்டராகிறது. அவ்வளவு நீளப் போர்டிகோவை யாரும் கட்டப் போவதில்லை. அதற்குப் பதில் வாசலிலேயே நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, இரண்டு உதவியாளர்களைப் போடுங்கள். குடும்பத்துக்காரர் நோயாளியை நம்பி ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவார். அந்த இரண்டு பேர் 28 மீட்டர் கூரைக்குச் சமம்.

போர்டிகோவின் வடிவத்தைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவமனைக்கு அழகான வளைவான போர்டிகோ வரைந்தேன், நடுவில் செடித்தொட்டி, ஒரே ஒரு வண்டி போகும் அகலம். திறந்த வாரமே ஒரு வண்டி பழுதாகி நடுவில் நின்றது. பின்னால் பதினோரு வண்டிகள். யாராலும் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மறுமாதம் என் கண்ணெதிரே தொட்டியை உடைத்தார்கள். அதிலிருந்து, நிற்கும் தடத்தின் பக்கத்தில் தாண்டிப் போக ஒரு தடம் இல்லாத வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இறங்கும் இடத்தில் நடைபாதை உயரம் சாலை மட்டத்துக்கே இருக்கட்டும், வண்டி ஏறாமல் இருக்கக் குட்டைத் தூண்கள் போதும். கூரையின் உயரத்தையும் கேளுங்கள். ஏடிஏ விதியில் ஆட்களை இறக்கும் இடத்துக்குக் குறைந்தபட்சம் 2895 மில்லிமீட்டர். உயரமான வேன்கள் வரும் என்பதால் நான் இன்னும் கூட்டுவேன். வண்டி வாசலைத் தாண்டிய பிறகு, தெருவுக்குத் திரும்பிப் போகாமலே நிறுத்துமிடத்துக்குப் போக முடிய வேண்டும். இறக்கிவிட்டவர் வெளியே போய், சிக்னலில் நின்று, மறுபடி உள்ளே வருவதுபோல வரைந்திருந்தால் உங்கள் வாசலில் ஒவ்வொரு காரும் இரண்டு காராகிவிடும்.

ஆம்புலன்ஸ் கேள்விக்குப் பதில் சந்தேகமில்லாமல் "தனி வழி". டிக்கெட் எடுக்கும் தடுப்புக் கம்பம் அந்த வழியில் இருக்கவே கூடாது. பின்னோக்கி எடுக்காமல் வந்த வேகத்தில் திரும்பிப் போக இடம் வேண்டும், நடந்து போகிறவர்கள் அதைக் குறுக்கே கடக்கக் கூடாது. ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அவசரத்தில் வருகிறவர்கள் எல்லோரும் ஆம்புலன்ஸில் வருவதில்லை. நெஞ்சுவலிக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் கொண்டு வருவார். அவர் பதற்றத்தில் "அவசரம்" என்ற சிவப்புப் பலகையைப் பார்த்துத்தான் திரும்புவார். ஆகவே அவசரப் பிரிவு வாசலில் ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம், தனியார் வண்டிக்கு இன்னொரு பக்கம், அதன் அருகே 15 நிமிடம் மட்டும் நிறுத்த நான்கைந்து இடங்கள். நோயாளியை உள்ளே விட்டுவிட்டு வந்து வண்டியை எடுப்பார்கள். எடுக்க வரும் நேரம் 15 நிமிடத்தைத் தாண்டினால் அபராதம் போடாதீர்கள், வாட்ச்மேன் சாவியை வாங்கி நகர்த்தட்டும்.

பேஸ்மென்ட்டா திறந்த வெளியா என்பதில் என் சாய்வை ஒளிக்கவில்லை: நிலம் இருந்தால் திறந்த வெளி, இல்லாவிட்டால் பக்கத்தில் தனியாக நிற்கும் பக்கச்சுவர் இல்லாத மாடிக் கட்டடம், கடைசியாகத்தான் மருத்துவமனைக்கு அடியில். காரணம் இரண்டு. ஒன்று தண்ணீர். 2001 ஜூனில் ஆலிசன் புயலின்போது ஹூஸ்டன் நகரின் டெக்சாஸ் மருத்துவ வளாகத்தில் வெள்ளம் அடித்தளங்களுக்குள் புகுந்து, அங்கே இருந்த மின்சாதனங்கள் மூழ்கி, நோயாளிகளை வேறு இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. கார் மூழ்கினால் காப்பீடு உண்டு. ராம்ப் வழியாக வரும் அதே தண்ணீர், அதே மட்டத்தில் இருக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் மின்பலகைக்கும் போகும் என்பதுதான் பிரச்சினை. பேஸ்மென்ட் தவிர்க்க முடியாது என்றால் ஜெனரேட்டரையும் மின் அறையையும் மேலே ஏற்றுங்கள், ராம்ப் தொடங்கும் இடத்தில் தெரு மட்டத்தைவிட உயரமாக ஒரு மேடு வையுங்கள்.

இரண்டாவது தீ. 2017 டிசம்பர் 31 அன்று லிவர்பூலில் ஒரு பல மாடி வாகன நிறுத்தத்தில் பற்றிய தீயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. 2023 அக்டோபரில் லூட்டன் விமான நிலையத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் எரிந்து கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. அது டீசல் காரில் தொடங்கியது என்று தீயணைப்புத் துறை சொன்னது. இன்றைய கார்களில் பிளாஸ்டிக் அதிகம், உடம்பும் அகலம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தீ வேகமாகத் தாவுகிறது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் வாகன நிறுத்தங்களுக்காக வெளியிடும் என்எஃப்பிஏ 88ஏ தரநிலையின் 2023 பதிப்பு, திறந்த வாகன நிறுத்தங்கள் உள்பட எல்லாவற்றுக்கும் தெளிப்பான்கள் வேண்டும் என்று மாற்றிவிட்டது. கடை வளாகத்தில் அலாரம் அடித்தால் எல்லோரும் ஓடிவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவர் ஓட முடியாது. அவருக்கு நேர் கீழே 150 கார்களை நிறுத்துவதா என்பதை உங்கள் குழு முடிவு செய்ய வேண்டும். தெளிப்பான் அளவு, புகை வெளியேற்றம், தீத்தடுப்புத் தளம் ஆகியவற்றைத் தீப்பொறியாளர் ஒருவர் வரைந்து கையெழுத்திடட்டும், என் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

வாகன நிறுத்தத்துக்கு இடம் ஒதுக்கும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள், வேறு கட்டடங்களில் இந்தத் தொல்லை இல்லை. எம்ஆர்ஐ அறைச் சுவருக்கு வெளியே கார் போய் வந்தால், நகரும் இரும்பு காந்தப்புலத்தைக் கலைத்துப் படத்தைக் கெடுக்கும். எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று இயந்திர நிறுவனத்தின் நிறுவல் வழிகாட்டியில் எழுதியிருப்பார்கள். திரவ ஆக்சிஜன் தொட்டிக்கு லாரி வந்து நிரப்பும் இடத்தில் தார் போடக் கூடாது. தாரில் சிந்திய திரவ ஆக்சிஜன் ஒரு சின்ன அடியில் கூடப் பற்றிக்கொள்ளும். கான்கிரீட்தான் வேண்டும், பக்கத்தில் கார்களும் கூடாது. ஏசியின் காற்று உள்ளிழுக்கும் வாய் போர்டிகோ கூரைக்கு மேலே இருந்தால், இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும் வண்டிகளின் புகை வார்டுக்குப் போகும். கதிர்வீச்சுச் சிகிச்சை அறைக்கு வெளியே வாகன நிறுத்தம் வைப்பது மாறாக நல்ல யோசனை. ஆட்கள் தங்காத வாகன நிறுத்தத்துக்கு, சுவரின் தடிமனைக் கணக்கிடும்போது, ஆள் இருக்கும் நேரமாக, எப்போதும் ஆள் இருக்கும் அறையின் 40-ல் 1 பங்குதான் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கழகத்தின் வழக்கம். ஆனால் பத்து ஆண்டு கழித்து அந்த இடத்தில் அலுவலகம் கட்ட யாராவது நினைத்தால், சுவர் அதற்குப் போதாது. வரைபடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

வழிகாட்டும் பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறவரின் மனம் காரில் இருக்காது. "பி2, வரிசை எஃப்" என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. மஞ்சள் தளம், மீன் படம் என்றால் வைப்பார்கள். லிப்டின் உள்ளேயும் அதே நிறம், அதே படம். லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும், நிறுத்துமிடத்தில் யாராவது மயங்கி விழுவது நான் பார்த்திராத விஷயம் அல்ல. நடப்பவர்கள் வண்டி ராம்ப்பில் ஏறி இறங்க விடாதீர்கள். வண்டிக்கு 8-க்கு 1 சரிவு ஓடும், சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது.

கட்டணம் வாங்குவதா என்பது நிர்வாகத்தின் முடிவு. வாங்கினால் வெளியேறும் வாசலில் வாங்காதீர்கள். ஒருவருக்கு 20 விநாடி என்றால் ஒரு தடத்தில் மணிக்கு 180 வண்டிதான் போகும், சில்லறைக்குத் தேடினால் அதுவும் இல்லை. உள்ளேயே, மருந்துக் கவுண்டர் பக்கம் கட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸுக்கு வருகிறவரிடம் மணிக்கணக்கில் வாங்குவது எனக்கு ஒப்பாது. இங்கிலாந்தில் அடிக்கடி வரும் புறநோயாளிகள், குழந்தையுடன் இரவு தங்கும் பெற்றோர், மாற்றுத்திறனாளிகள், இரவு ஷிப்ட் ஊழியர்கள் ஆகியோருக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. அந்தப் பட்டியல் நல்ல தொடக்கம். மின்சார வண்டிக்குச் சார்ஜர் வைப்பதானால் டயாலிசிஸ் பகுதிக்கு அருகே வையுங்கள், நான்கு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு மெதுவான மலிவான சார்ஜரே போதும். அடுக்கி நிறுத்தும் இயந்திரங்களை நோயாளிகளுக்கு வைக்காதீர்கள். வண்டி இறங்கி வரும்வரை வாந்தி எடுத்துக்கொண்டு நிற்க முடியாது. ஊழியர் பகுதியில், ஆள் போட்டு இயக்கினால் பரவாயில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியாகச் சொல்லக்கூடியது. எதிர்காலத் தேவை அப்படி அல்ல. தொலைபேசி வழி ஆலோசனையும் வாடகைக் காரும் கூடினால் நிறுத்துமிடத் தேவை குறையலாம், ஆனால் வாடகைக் கார் ஒவ்வொன்றும் போர்டிகோவுக்கு வரும், கூட்டிப்போக இன்னொரு முறையும் வரும். என் ஊகம், 20 ஆண்டில் நிறுத்துமிடம் காலியாகும், வாசல் இன்னும் நெரியும். இது ஊகம்தான். அதற்காக இன்று செய்யக்கூடியது, மாடிக் கட்டடம் கட்டினால் தளங்களைச் சாய்க்காமல் மட்டமாக வைத்து, ராம்ப்பைத் தனியாக ஒரு ஓரத்தில் கட்டுவது. பிற்பாடு அந்தத் தளங்களை மருத்துவப் பயன்பாட்டுக்கு மாற்றலாம். உயரமும் தாங்குதிறனும் அதற்குப் போதுமா என்று கட்டுமானப் பொறியாளரிடம் இப்போதே கேட்க வேண்டும்.

உங்கள் ஆர்க்கிடெக்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கையில் இருந்த ஒரே எண் 100 படுக்கை, அதை வைத்துப் போட்டார். நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியவை வேறு: உச்ச நேரத்தில் மணிக்கு எத்தனை புறநோயாளிகள், ஒருவர் உள்ளே வந்து வெளியே போக எத்தனை நிமிடம், ஷிப்ட் மாறும் நேரமும் அப்போது எத்தனை ஊழியர்கள் என்பதும். பழைய கட்டடம் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு திங்கட்கிழமை காலை 6 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வாசலில் ஒருவரை நிறுத்தி, வண்டி எண்ணையும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறிக்கச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். அந்தத் தாளை இங்கே போடுங்கள், 155 என்ற என் ஊகத்தைத் திருத்திக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.